நானூற்று முப்பத்தாறு ரவுண்டு

முதலில் எனக்குக் கெடுதல் செய்தவர் டாக்டர் சுகந்தி. அதனால்தான் அந்த ஸ்டூலில் உட்காராதீர்கள் என்று சொன்னேன் தம்பி. உங்கள் மேல் கோபமில்லை. நீங்கள் யாரென்றே எனக்குத் தெரியாது. கையில் கஞ்சி ஃபிளாஸ்க், லிஃப்ட் நின்றுவிட்டது, கால் வலிக்கிறது, காலியாக ஒரு ஸ்டூல் கிடக்கிறது, உட்காரப் போனீர்கள். நியாயம்தான். ஆனால் அதில் உட்காரக் கூடாது. நானே உட்காரவில்லை பாருங்கள்.

பயப்பட ஒன்றுமில்லை. இது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இப்படி அடிக்கடி நிற்கும். மணி அடித்தாயிற்று. மெக்கானிக் கடைவீதியில் ஒரு துணிக்கடை லிஃப்டையும் பார்க்கிறவர், அங்கிருந்து வர வேண்டும். அரை மணி ஆகும். முக்கால் மணியும் ஆகும். மேலே ஓட்டை இருக்கிறது, காற்று வரும். ஃபிளாஸ்க்கைக் கீழே வையுங்கள்.

மூன்றாம் மாடிக்கா? பிள்ளைகள் வார்டு. மகளா? காய்ச்சல் இறங்கிவிட்டதா? நல்லது. அப்படியானால் டாக்டர் சுகந்திதான் பார்க்கிறார். நீங்கள் அவர் பக்கம்தான் பேசுவீர்கள், பரவாயில்லை. கைராசிக்காரர், அதை நான் மறுக்கவில்லை. நான் சொல்வது ஸ்டூல் விஷயம்.

வரிசையாகச் சொல்கிறேன். வரிசை மாறினால் நியாயம் மாறிவிடும். முதலில் டாக்டர் சுகந்தி. இரண்டாவது மேட்ரன் லூர்துமேரி. மூன்றாவது கோயம்புத்தூரிலிருந்து வந்த மதிவதனன். நான்காவது ஆள் என் வீட்டிலேயே இருக்கிறாள், அவளைக் கடைசியில் சொல்கிறேன்.

என் பெயர் ராயப்பன். இந்த ஆஸ்பத்திரிக்கு லிஃப்ட் வந்த நாளிலிருந்து லிஃப்டும் நானும்தான். இருபத்திரண்டு வருஷம். ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ஆனால் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணத் தெரிந்தால் இந்த வேலைக்குப் போதும். இதில் முதல் பதினோரு வருஷம் நின்றேன். ஸ்டூல் வேண்டும் என்று நான்கு முறை எழுதிக் கொடுத்தேன். உட்கார்ந்தால் தூங்கிவிடுவாய் என்றார் மேனேஜர். பன்னிரண்டாவது வருஷம் பெரிய டாக்டருக்கே இடுப்பில் ஆபரேஷன் ஆனது. ஒரு நாள் கம்பை ஊன்றிக்கொண்டு ஏறினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்ப்பா, நீ நாள் பூரா நின்னுக்கிட்டா இருக்க?" என்று கேட்டார். பதினோரு வருஷம் என் பக்கத்திலேயே நின்று மேலே போய் வந்த மனிதர் கேட்கிறார்.

மறுநாள் ஸ்டூல் வந்தது. வேங்கை மரம். அடியில் பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறேன்: ராயப்பன், லிஃப்ட். சந்தேகமாக இருந்தால் குனிந்து பாருங்கள். பார்க்கலாம். உட்காரத்தான் கூடாது.

அந்த ஸ்டூல் எனக்கு யார் போட்ட பிச்சையும் இல்லை. பதினோரு வருஷம் என் இரண்டு முட்டியும் சம்பாதித்தது. அதுதான் போயிற்று.

போன ஆனி மாதம் ஒரே வாரத்தில் இரண்டு நர்சுகள் வேலையை விட்டுப் போனார்கள். அதே வாரம் ஒரு ட்யூட்டி டாக்டர் தன் போனைத் தடுப்பூசி வைக்கிற ஃப்ரிட்ஜுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, தடுப்பூசி டப்பாவைக் காதில் வைத்து அலோ அலோ என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்களுக்கு மனசு களைத்துவிட்டது என்று மேனேஜ்மென்ட்டுக்குப் பயம் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து மதிவதனன் என்று ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார்கள். தன் மனசைத் தானே பார்த்துக்கொள்வது எப்படி என்று டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் சொல்லிக்கொடுக்க மூன்று மணி நேர வகுப்பு.

ஐந்தாம் மாடி ஹாலில் நாற்பது நாற்காலி விரித்தது நான்தான். வகுப்பு முடிந்ததும் மடக்க வேண்டுமே என்று பின்னால் ஓரமாக நின்றேன். அன்று லிஃப்டுக்கு சர்வீஸ், எனக்கும் வேறு வேலை இல்லை. மதிவதனன் நல்ல மனிதர் போலத்தான் பேசினார். மூச்சை நாலு எண்ணி இழு, ஏழு எண்ணி நிறுத்து, எட்டு எண்ணி விடு. தினமும் மூன்று நல்ல விஷயம் எழுது. கண்ணாடி முன்னால் ஒரு நிமிஷம் வாய்விட்டுச் சிரி. ஐந்து நிமிஷம் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திரு. இவ்வளவுதான் வகுப்பு.

ஆனால் அவர் ஒன்று சொல்வதற்குள் ஒரு போன் அடிக்கும். ஒருவர் எழுந்து போவார். மூச்சு சொல்லும்போது பதினோரு பேர் இருந்தார்கள். நல்ல விஷயம் வரும்போது நாலு பேர். சிரிப்புக்கு வரும்போது அவரும் நானும்தான். அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். தனியாகச் சிரிக்கிற மனிதனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நானும் சிரித்தேன்.

முடிவில் சான்றிதழ். முழு வகுப்பும் இருந்தவருக்குத்தான் தருவேன் என்றார் மதிவதனன். அவருக்கும் ஒரு கொள்கை இருக்கும் அல்லவா. முழு வகுப்பும் இருந்தது நான் ஒருவன்தான். சான்றிதழில் டாக்டர் என்று முன்பே அச்சடித்து, பக்கத்தில் கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டில் என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் என் வீட்டுச் சுவரில் டாக்டர் ராயப்பன் என்று தொங்குகிறது. கேபிள்காரன் வந்தால் மாத்திரை கேட்கிறான்.

அதோடு விட்டிருந்தால் நான் பெருந்தன்மையாகப் போயிருப்பேன். ஆடி மாதம் ஒரு பதிவேடு வந்தது. எல்லா டாக்டரும் எல்லா நர்சும் தினமும் இந்தப் பயிற்சியைச் செய்து, நேரம் போட்டு, கையெழுத்துப் போட வேண்டும். எங்கே வைப்பது? ஆஸ்பத்திரியில் எல்லோரும் வந்து போகிற இடம் லிஃப்ட். மேட்ரன் லூர்துமேரி வந்து, அதோ தெரிகிறதே அந்த ஆணி, அதில் மாட்டினார். நூலில் பேனாவும் கட்டினார்.

மேட்ரனுக்கு ஒரு சட்டம் உண்டு. செய்யாததை எழுதக் கூடாது, செய்ததை எழுதாமல் விடக் கூடாது. காய்ச்சல் பார்க்காமல் சார்ட்டில் எழுதிய ஒரு நர்சை வீட்டுக்கு அனுப்பியவர். அதனால் யாரும் பொய்க் கையெழுத்துப் போடத் துணியவில்லை. செய்யவோ நேரமில்லை. இரண்டு நாள் பதிவேடு காலியாகக் கிடந்தது. மூன்றாம் நாள் எலும்பு டாக்டர் கோதண்டராமன் ஓடி வந்து ஏறினார். ஆபரேஷன் தொப்பி தலையில் அப்படியே இருக்கிறது. "ராயப்பா, நீதான் சர்டிபிகேட் வாங்கின ஆளு. என் பேர்ல மூச்சு விட்டுரு" என்றார். சீட்டு வேறு எழுதிக் கொடுத்தார். மூச்சு, இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு முன்.

நான் அந்தச் சீட்டை மேட்ரனிடம் கொண்டு போனேன். அவர் கண்ணாடியை இறக்கிப் படித்தார், யோசித்தார். "டாக்டர் ஊசி எழுதுறாரு, நர்ஸ் போடுது. அது டாக்டர் குடுத்த ஊசிதானே? இதுவும் அப்படித்தான். செய்யுங்க. ஆனா செஞ்சுட்டு எழுதுங்க" என்றார்.

இப்படித்தான் தம்பி இந்த ஆஸ்பத்திரி ஓடுகிறது. மேலே இருக்கிறவர் எழுதுவார், அடுத்தவர் செய்வார். கடைசியில் நிற்கிறவன் லிஃப்ட்காரன். அவனுக்குக் கீழே தரைதான்.

ஒரே வாரத்தில் பதினேழு பேர் சீட்டு எழுதிவிட்டார்கள். நான் ஏமாற்றவில்லை. செய்யாமல் ஒரு வரி எழுதியதில்லை. காலையில் வந்ததும் கோதண்டராமனுக்கு மூச்சு, பிறகு ஸ்கேன் டாக்டருக்கு, பிறகு நர்சுகளுக்கு வரிசையாக. பத்து மணிக்குத் தலை சுற்றும், கம்பியைப் பிடித்துக்கொள்வேன். அடுத்து மூன்று நல்ல விஷயம். ஒருவருக்கு மூன்று என்றால் பதினேழு பேருக்கு எவ்வளவு என்று பாருங்கள். திண்டுக்கல்லில் ஒரு நாளைக்கு அவ்வளவு நல்லது நடக்கிறதா? கோதண்டராமனுக்கு எழுதினேன்: இன்று லிஃப்ட் ஓடியது, நேற்றும் ஓடியது, நாளையும் ஓடலாம். மயக்கம் கொடுக்கிற டாக்டருக்கு எழுதினேன்: இன்று எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். அதற்கு மேல் அவருக்கு என்ன நல்லது வேண்டும்? இரண்டாவதும் மூன்றாவதும் அதையே எழுதினேன்.

சிரிப்புதான் கஷ்டம். இந்தக் கண்ணாடி முன்னால் நின்று, ஆளுக்கு ஒரு நிமிஷம் என்று சிரிக்க வேண்டும். நடுவில் கதவு திறந்துவிடும். ஒரு நாள் கையில் ட்ரிப் ஊசியோடு ஒரு வயசான அம்மா நின்றிருந்தார். நான் தனியாகக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஏழாவது நர்சின் சிரிப்பு, பாதியில் நிறுத்த முடியாது. அந்த அம்மா மகனிடம், "நம்ம படியிலயே போயிருவோம்டா" என்று சொல்லி, ட்ரிப் பாட்டிலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி நாலு மாடி ஏறினார். என் மேல் புகார் வந்தது. பதினேழு பேர் மேல் வரவில்லை.

நீங்கள் கேட்பீர்கள், இதில் டாக்டர் சுகந்தி எங்கே வருகிறார் என்று. வருகிறார். பதினேழு பேரும் சீட்டுக் கொடுத்தபோது அவர் மட்டும் கொடுக்கவில்லை. பரவாயில்லையே, நியாயமான பெண்பிள்ளை என்று நினைத்தேன். அப்போதுதான் செய்தார்.

மத்தியானம் இரண்டரை மணி. ஓ.பி. முடிந்து வந்து ஏறினார். பதிவேட்டைப் பார்த்தார். "அண்ணே, கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?" என்றார். ஏதோ கீழே விழுந்துவிட்டது, தேடுகிறார் என்று எழுந்தேன். உட்கார்ந்துவிட்டார். என் ஸ்டூலில். "ஒண்ணுமே செய்யாம அஞ்சு நிமிசம் உக்காரணுமாம்ல. வேற எங்கயும் உக்கார விட மாட்டேங்கிறாங்க. மேல போய்க் கீழ வாங்கண்ணே. நடுவுல கதவு திறக்க வேண்டாம்" என்றார்.

கீழிருந்து ஐந்தாம் மாடி, ஐந்திலிருந்து கீழே. அது ஒரு ரவுண்டு. நான் நின்றேன். அவர் உட்கார்ந்திருந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு வந்தார். சுவரில் என்ன இருக்கிறது? ஆறு பேருக்கு மேல் ஏறக் கூடாது என்று இருக்கிறது. அதையே பார்த்தார். இறங்கும்போது பதிவேட்டில் தானே எழுதி, தானே கையெழுத்துப் போட்டார்.

மறுநாளும் இரண்டரைக்கு வந்தார். இரண்டு ரவுண்டு. பிறகு மூன்று. பிறகு நாலு. ஞாயிறு தவிர ஒரு நாள் விடவில்லை. நான் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டு வந்தேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது. யாராவது ஒரு நாள் கேட்பார்கள் என்று நினைத்தேன். யாரும் கேட்கவில்லை. அவர் உட்கார்ந்திருக்கும்போது கதவை யாராவது தட்டினால், லிஃப்ட் ரிப்பேர் என்று உள்ளேயிருந்து சொல்வேன். ரிப்பேர் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நான் சொன்ன முதல் பொய். அந்தப் பாவமும் அவர் கணக்கில்தான்.

ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை. அன்று பதினோரு ரவுண்டு. கையில் ஒரு சின்ன வளையம், பிள்ளைகள் மணிக்கட்டில் பெயர் எழுதிக் கட்டுவார்களே, அதை வைத்துத் திருகிக்கொண்டே இருந்தார். மூன்றாம் மாடியைத் தாண்டும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். அங்கே ஒரு குடும்பம் சுவரோரமாக உட்கார்ந்திருந்தது, காலையில் நான்தான் அவர்களை ஏற்றிக்கொண்டு போனேன். அது வேறு விஷயம். நான் சொல்ல வந்தது என்னவென்றால், பதினோரு ரவுண்டு. என் இடது முட்டி பூசணிக்காய் போல ஆகிவிட்டது. இறங்கும்போது ஸ்டூல் நனைந்திருந்தது. நான்தான் என் துண்டால் துடைத்தேன்.

மேட்ரனிடம் போய்ப் புகார் சொன்னேன். விசாரிக்கிறேன் என்று வந்தார். ஸ்டூலைப் பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், ஒரு ரவுண்டு போகச் சொன்னார். இரண்டாம் மாடி தாண்டவில்லை, தூங்கிவிட்டார். குறட்டை. நாற்பது வருஷ சர்வீஸில் அவர் உட்கார்ந்தே யாரும் பார்த்ததில்லை. எழுப்ப எனக்கு மனசு வரவில்லை, ஆறு ரவுண்டு ஓட்டினேன். கண் விழித்தார், தொப்பியைச் சரிசெய்தார். "நல்ல ஸ்டூல்" என்றார். அதுதான் விசாரணை.

அவர் போய்ச் சொல்லியிருக்கிறார். மறுநாளிலிருந்து வரிசை. காலை பதினொரு மணியிலிருந்து நர்சுகள், ட்யூட்டி டாக்டர்கள், பில் போடுகிற பையன்கள். கேன்டீன் டோக்கனை வாங்கிவந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார் மேட்ரன். ஆளுக்கு ஒரு ரவுண்டு, டாக்டர் சுகந்திக்கு மட்டும் எத்தனை வேண்டுமானாலும். நோயாளிகள் படியில் ஏறினார்கள். ஸ்ட்ரெச்சர் வந்தால் மட்டும் ஸ்டூலோடு எல்லோரும் இறங்குவோம்.

நான் போய் கோதண்டராமனிடம் முட்டியைக் காட்டினேன். அமுக்கிப் பார்த்தார். "ரொம்ப நேரம் நிக்கக் கூடாது ராயப்பா, உக்காந்து வேலை பாரு" என்றார். எங்கே உட்காருவது சார் என்றேன். "லிஃப்ட்ல நல்ல ஸ்டூல் ஒண்ணு இருக்காமே. டோக்கன் வாங்கிக்க" என்றார்.

வாங்கினேன் தம்பி. இருபத்து மூன்றாம் நம்பர். என் முறை வந்தது. நான் உட்கார்ந்தால் பட்டனை யார் அமுக்குவது? உட்கார்ந்தபடி அது என்றைக்கும் எட்டாது. எழுந்து அமுக்கினேன். எழுந்ததும் இருபத்து நாலாம் நம்பர் உட்கார்ந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் கார்த்திகையில் அந்த நாள்.

அன்று சுகந்தி டாக்டர் இரண்டரைக்கு வரவில்லை, காலையிலேயே வந்தார். வெள்ளைக் கோட்டு இல்லை. கையில் ஒரு கவர். "பெரிய டாக்டர் மேல இருக்காராண்ணே?" என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். ஐந்தாம் மாடி அமுக்கினேன். பழக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இதே இடம்தான், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், லிஃப்ட் நின்றுவிட்டது. மணி அடித்தேன். மெக்கானிக் துணிக்கடையில் இருந்தார்.

பத்து நிமிஷம் பார்த்தேன். அவர் உட்கார்ந்திருக்கிறார். நான் நிற்கிறேன். கவரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். வேறு யாரும் ஏற முடியாது, இறங்கவும் முடியாது. ஐந்து மாதமாக எனக்குக் கிடைக்காத சமயம். ஆரம்பித்தேன்.

எல்லாம் சொன்னேன். பதினோரு வருஷம் நின்றது, நாலு முறை எழுதிக் கொடுத்தது, ஆடியிலிருந்து நடந்தது, முட்டி, பொய், துண்டு. உங்களுக்கு மேலே ஏறினால் நோயாளி, கீழே இறங்கினால் நோயாளி, நடுவில் இருக்கிறவன் மனிதனாகத் தெரியவில்லையா என்று கேட்டேன். நீங்கள் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் ஒருவன் பக்கத்தில் நின்று செய்துகொண்டிருந்தான் என்றேன். கைகூட நீட்டிப் பேசினேன். வேலை போனால் போகட்டும் என்று இருந்தது.

அவர் ஒரு இடத்திலும் மறித்துப் பேசவில்லை. முடித்ததும் என் காலைப் பார்த்தார். "எந்த முட்டிண்ணே?" என்றார். இடது என்றேன்.

"பதினஞ்சு வருசமாச்சு நான் இந்த வேலைக்கு வந்து" என்றார். "ஒண்ணு கையெடுத்துக் கும்பிடுவாங்க, இல்ல சட்டையைப் பிடிக்க வருவாங்க. பக்கத்துல நின்னு, எனக்குக் கால் வலிக்குது, எந்திரின்னு ஒருத்தரும் சொன்னதில்ல. அஞ்சு மாசமா நானும் பாக்கலயே."

பெரிய டாக்டர் பதினோரு வருஷத்துக்கு அப்புறம் கேட்ட அதே கேள்விதான். இவருக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கிறது, அவ்வளவு வித்தியாசம். மன்னிப்பு என்ற வார்த்தை வந்ததா? வரவில்லை. எழுந்து நின்றார். "உக்காருங்கண்ணே" என்றார்.

மாட்டேன் என்றேன். ஏன் என்றார். ஒரு தடவை உட்காரச் சொன்னால் சரியாகிவிடுமா, உங்களுக்காக நான் நின்றது மட்டும் நானூற்று முப்பத்தாறு ரவுண்டு என்றேன். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். கோடு கோடாக இருப்பதைப் பார்த்தார். விரலால் எண்ணிப் பார்த்தார், நம்பவில்லை போல. அப்புறம் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். நடுவில் ஸ்டூல் காலியாக இருக்கிறது, ஒரு பக்கம் நான் நிற்கிறேன், இன்னொரு பக்கம் அவர் தரையில். ஒரு நிமிஷத்துக்கு மேலேயே சிரித்தார். பதிவேட்டில் எழுதிவிட்டேன்: டாக்டர் சுகந்தி, சிரிப்பு, தானே செய்தார்.

"சரிண்ணே, நான் எப்படிக் கழிக்கிறது இதை?" என்றார்.

நீங்கள் நிற்க வேண்டும், நான் உட்கார வேண்டும், பட்டன் நீங்கள்தான் அமுக்க வேண்டும், நானூற்று முப்பத்தாறு ரவுண்டு என்றேன். ஒரே நாளில் முடியாது, ஒரு நாளைக்கு ஒன்று என்றார். தவணையா என்றேன். தவணைதான் என்றார். அப்படியானால் எழுதிக் கொடுங்கள், டாக்டர்கள் வாய்ப்பேச்சை நான் பார்த்திருக்கிறேன் என்றேன். பேப்பர் இல்லை. பதிவேட்டைக் கிழித்தால் மேட்ரன் கொன்றுவிடுவார். கொஞ்ச நேரம் யோசித்தார். கவரைப் பிரித்து உள்ளே இருந்த கடிதத்தை எடுத்து, பின்பக்கம் எழுதினார். நூலில் கட்டியிருந்த பேனாவால்தான்.

இதோ பாருங்கள். எப்போதும் பையிலேயே வைத்திருப்பேன். பிளாஸ்டிக் உறையில் போட்டிருக்கிறேன். 'ராயப்பன் அண்ணனுக்கு 436 ரவுண்டு நிற்க வேண்டியது. ஒரு நாளைக்கு ஒன்று. சுகந்தி.' தேதி போட மறந்தார், கேட்டுப் போடவைத்தேன்.

அதற்குள் லிஃப்ட் அசைந்தது. நேரே ஐந்தாம் மாடி. கதவு திறந்தது. எதிரே பெரிய டாக்டர் ரூம், லைட் எரிகிறது. இவர் இறங்கவில்லை. ரூமைப் பார்த்தார், என் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தார். "கீழ போங்கண்ணே, ஓ.பி.க்கு நேரமாச்சு" என்றார். வந்த வேலையை மறந்துவிட்டார். டாக்டர்களுக்கு ஞாபக மறதி அதிகம்.

என்ன தம்பி, இரண்டு தடவை படிக்கிறீர்கள்? ஓ, முன்பக்கமா. முன்பக்கம் ஏதோ இங்கிலீஷ். மேலே ஆஸ்பத்திரி பெயர், பெரிய டாக்டர் பெயர், கீழே சுகந்தி டாக்டர் கையெழுத்து. நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். அது எனக்கு எழுதியதல்ல, எனக்குப் பின்பக்கம்தான். கொடுங்கள், மடங்கிவிடும். முகம் ஏன் அப்படிப் போகிறது? மகளுக்குத்தான் காய்ச்சல் இறங்கிவிட்டதே.

ஒரு தடவை அவர் இதைத் திருப்பிக் கேட்டார். மார்கழியில், மூன்றாம் மாடியில் மறுபடியும் ஏதோ நடந்த ஒரு நாள். "அந்தப் பேப்பரக் குடுங்கண்ணே, எனக்கு வேணும்" என்றார். குரலே சரியில்லை. கடன் தீர்ந்தால் தருகிறேன் என்றேன். பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எவனாவது ஏமாறுவானா? அப்புறம் அன்றைய ரவுண்டை நின்றுவிட்டுப் போனார். எனக்கு அவர் மேல் அந்தச் சந்தேகம் எப்போதும் உண்டு, பாதியில் ஊரைவிட்டுப் போய்விடுவார் என்று. அதனால்தான் பேப்பரை விடுவதில்லை.

இரண்டரைக்கு வருவார். நான் உட்காருவேன். அவர் பட்டன் அமுக்குவார். நன்றாக அமுக்கத் தெரியாது. ஒரு நாள் ஒரு வியாபாரி ஏறி, "மூணாவது மாடிம்மா, தூங்குறியா?" என்று அவரையே அதட்டினார். சரி சார் என்று அமுக்கினார். என் வேலையின் ருசியைப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். இதுவரை அறுபத்தொரு ரவுண்டு நின்றிருக்கிறார். அதில் இரண்டை நான் தள்ளிவிட்டேன், நின்றுகொண்டே போன் பேசினார். ஆக ஐம்பத்தொன்பதுதான் செல்லும்.

மற்ற நேரத்தில் ஏன் உட்காரவில்லை என்று கேட்கிறீர்கள். உட்கார்ந்தால் என்ன சொல்வார்? நீங்கள்தான் உட்கார்ந்துகொண்டே இருக்கிறீர்களே, பிறகென்ன கடன் என்பார். அதனால் உட்காருவதில்லை. முட்டி வலிக்கத்தான் செய்கிறது. வலித்தால்தான் கடன் நிற்கும்.

மற்றவர்களா? சுகந்தி டாக்டர் மேனேஜரிடம் பேசி, இரண்டாம் மாடியில் பழைய துணி ரூமை ஒழித்து ஆறு நாற்காலி போடவைத்தார். பதிவேடும் அங்கே போய்விட்டது. இப்போது அவரவர் மூச்சை அவரவர் விடுகிறார்கள். ஒருவராவது வந்து, ராயப்பா, இத்தனை நாள் எங்களுக்காக விட்டாயே என்று கேட்டார்களா? என் மூச்சு அவர்கள் உடம்பில் ஓடுகிறது.

நான்காவது ஆளைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. என் மனைவி செபஸ்தியம்மாள். பதினேழு பேருக்கு மூச்சு விட்டுப் பழகியதில் எனக்கு வீட்டில் சத்தம் போட வரவில்லை. வாயைத் திறந்தால் நாலு எண்ணத் தோன்றுகிறது, எண்ணி முடிப்பதற்குள் கோபம் போய்விடுகிறது. முப்பது வருஷமாக இருந்த கோபம். பிரஷருக்கு இரண்டு மாத்திரை சாப்பிட்டேன், அதையும் ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். என்னிடம் இருந்ததை இப்படி ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள், இவள் என்ன செய்தாள் தெரியுமா? கிறிஸ்துமஸுக்கு ஒரு டப்பா அதிரசம் சுட்டுக் கொண்டுபோய் அந்த டாக்டரம்மாவிடமே கொடுத்திருக்கிறாள். "இப்பத்தான் எங்க வீட்டு ஆளு மனுசனா இருக்காரு" என்று சொல்லியிருக்கிறாள். எதிராளிக்கு அதிரசம்.

இருங்கள். சத்தம் கேட்கிறதா? மேலே, மூன்றாம் மாடிக் கதவுப் பக்கம். "ராயப்பண்ணே, உள்ள இருக்கீங்களா? எங்க நிக்குது?" அவர்தான். இரண்டரை ஆகிவிட்டது போல. ரவுண்டுக்கு வந்திருக்கிறார்.

பதில் சொல்லாதீர்கள் தம்பி. கஞ்சி சூடாகத்தான் இருக்கும், ஃபிளாஸ்க்தானே. உங்கள் மகளைத் தாண்டித்தான் அவர் இங்கே வந்து நிற்கிறார், பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார். இன்னும் முந்நூற்று எழுபத்தேழு பாக்கி இருக்கிறது. கதவுக்கு வெளியே நிற்பதெல்லாம் கணக்கில் வராது, இருந்தாலும் கொஞ்சம் நிற்கட்டும்.